தாசில்தார்

லூர்துமேரி டீச்சர் அரியலூருக்கு மாற்றலாகிப் போன அன்று
மினிலாரியில் இடமில்லாமல் நின்றவை மூன்று:
ஒரு ஆட்டுக்கல், குரோட்டன்ஸ் தொட்டி,
கம்பிக்கூண்டுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு முயல்.
"கொஞ்சம் முரடு" என்றார்,
கட்டைவிரல் பிளாஸ்திரியை முந்தானையில் மறைத்துக்கொண்டு.

பன்னீர் என்று பெயராம்.
இரண்டே நாளில் மகள் மாற்றிவிட்டாள்.
கிட்டே போனால் உறுமுகிறது.
அதற்கும் மேல் நின்றால்
பின்னங்காலால் தரையில் ஒரு முத்திரை: டொப்.
மனுவை ஏறிட்டும் பார்ப்பதில்லை.
என் நஷ்டஈட்டு மனுவோடு
நாலு வருஷம் ஆபீஸ் ஆபீசாக வந்தவள் அவள்.
தாசில்தார் என்றாள்.
நான் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

கேரட் நீட்டினேன். கடித்தது,
கேரட்டை விட்டுவிட்டுக் கையை.
புளியும் மணலும் போட்டுத் தேய்த்தாலும்
நகக்கண்ணை விட்டுப் போகாது மருந்து வாசனை.
வலங்கைமான் கொட்டகைகளில்
பதினேழு வருஷம் வெடிக்குத் திரி வைத்த கை.
கந்தகம் எனக்குச் சோறு.
அதற்கு என்னவோ,
எரிகிற காடோ,
கூண்டில் பிறந்தது பார்த்தேயிராத காடோ.

ஞாயிற்றுக்கிழமை
சந்தையில் பார்த்தமாதிரி காதைப் பிடித்துத் தூக்கினேன்.
முழங்கைவரை கிழித்துவிட்டது.
மகள் இரண்டு நாள் பேசவில்லை.
முயலோடு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனால்
டாக்டர் ஷஹனாஸ் என் கையைப் பார்த்து
"முதல்ல நீங்க பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.
பிறகு
அதன் வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னார்:

மேலேயிருந்து வர்றது எல்லாமே அதுக்குப் பருந்துதான்.
உதைக்கிற வேகத்துல தன் முதுகைத் தானே முறிச்சுக்கும்.
தூக்கித்தான் ஆகணும்னா நெஞ்சுக்கு ஒரு கை, பின்பக்கத்துக்கு ஒரு கை.
தூக்காம இருந்தா இன்னும் நல்லது.
தரையில படுங்க.
அதைப் பார்க்காதீங்க.

படுத்தேன்.
காத்திருப்பது எனக்குப் புதிதா என்ன.

இடது காது கொட்டகையோடு போய்விட்டது.
வலது காதைத் தரையில் அழுத்தினால்
மேலே இருக்கும் உலகம் அணைந்துபோகும்.
கீழே இருப்பது கேட்கும்:
மூன்றாம் வீட்டு கிரைண்டர்,
கும்பகோணம் பஸ் வேகத்தடையில் ஏறி இறங்குவது,
அப்புறம்
சிமெண்டில் நகம் உரசும் சத்தம்,
இரண்டு அடி, நிற்கும்,
ஒரு அடி.

ஆறாம் நாள் குதிகாலை முகர்ந்தது.
ஒன்பதாம் நாள் சட்டைப் பொத்தானைத் தின்றது.
இடையில் சார்ஜர் ஒயர் இரண்டு, கைலி ஓரம்,
ரேஷன் கார்டின் ஒரு மூலை.
குடமுருட்டிக் கரையில் அறுத்த அருகம்புல்லை
தலைமாட்டில் போட்டுவிட்டுக்
கண்ணை மூடிக்கொள்வேன்.
என் மனைவி கூடத்தைத் தாண்டிப் போகும்போது
"ரெண்டையும் சேர்த்துக் கூண்டுல போட்டா என்ன" என்பாள்.

அன்றைக்கு மத்தியானம்
ஆற்றுமணலில் யாரோ சாம்பிள் வெடி போட்டார்கள்.
எப்போதும் ஜன்னல் அதிர்வதை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன்.
இந்தத் தடவை
தரை வழியாக ஏறி
தாடை எலும்புக்குள் வந்து வெடித்தது.

டொப்.
கூடவே இன்னொரு டொப்.

முதலாவது அது.
இரண்டாவது என் வலதுகால்.

எத்தனை வருஷமாக அந்தக் கால்
எனக்குத் தெரியாமல் உதைத்துக்கொண்டிருக்கிறதோ.
கொட்டகையில் கேட்டால்
பழகிடுச்சு என்றுதான் சொல்லியிருப்பேன்.

கட்டிலுக்கடியில் அது,
கட்டிலுக்கு வெளியே நான்.
இருவருக்கும் மூச்சு மேலும் கீழும்.
எழுந்து பார்க்கவில்லை. கூப்பிடவுமில்லை.
கிரைண்டர் நின்றது.
இரண்டு பஸ் போயிற்று.
அப்புறம் நகம். இரண்டு அடி. நிற்கும்.

திரி வைத்த கையின் கணுவில்
தாடையை ஒருமுறை தேய்த்தது.
மறுபடி தேய்த்தது.
மகள் வாசற்படியில் நின்று மெதுவாகச் சொன்னாள்:
"அப்பா, கையெழுத்துப் போட்டுட்டார்."

மறுநாள் அதே கையைக் கடித்தது.
டாக்டர் கேட்டால்
சட்டையைத்தான் கடித்தது என்று சொல்ல
மகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.